மேட்டைப் பற்றி யார் கேட்பது?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் நிற்கிறது. 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இங்கே நடந்ததைச் சொல்லும் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. மாட்டுப் பொங்கல் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும்போது இரு கரையும் திருவிழாக் கோலம் கொள்ளும். ஆண்டின் மற்ற நாட்களில் இந்தச் சாலை டிப்பர் லாரிகளுடையது. மதூர், சிறுதாமூர், பழவேரி என்று சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்திருக்கின்றன. சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் மேம்பாலங்களுக்கும் போகும் ஜல்லியிலும் எம்-சாண்டிலும் இந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் பங்கு உண்டு.

குவாரி என்றதும் நாம் பள்ளத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை அடி ஆழம் போய்விட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா, வெடி வைத்தால் சுவர் விரிசல் விடுகிறதா, தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. பாறைக்கு மேலே கிடந்த விளைமண், அதற்குக் கீழே இருந்த சவுடு, உடைத்தும் விலைபோகாத கல், கிரஷர் தூள், எம்-சாண்ட் கழுவிய சேறு எல்லாம் அங்கேதான் போய்க் கொட்டுகின்றன. அந்த மேடு எவ்வளவு உயரம், எந்தச் சரிவில் நிற்கிறது, அடியில் என்ன இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

2022 பிப்ரவரியில் இதே வட்டாரத்து மதூர் குவாரியில் சரிவு ஏற்பட்டு உயிர்ப்பலி ஆனது. அதே ஆண்டு மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் செய்திகள் சில வாரங்கள் பேசப்பட்டு அடங்கிவிட்டன.

தோண்டிப் போட்ட மண்ணை எப்படிக் குவிப்பது, குவித்ததை எப்படி நிலைநிறுத்துவது, பிறகு அதை எப்படி மறுபடி நிலமாக்குவது என்பது தனிப் பொறியியல். அதை அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள். நம் மாநிலத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலிக்குப் போக வேண்டும்.

நான்கு ஆண்டுகள் வெறும் மண்

ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நிறத்தில் ஏதோ கிடைத்ததும் அதிலிருந்து நெய்வேலி பிறந்ததும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த கதை. 1956 நவம்பரில் சுரங்க நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு தோண்டும் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தோண்டியது முழுக்க மண். அத்தனை மண்ணையும் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? பள்ளமே இன்னும் முழுதாகத் திறக்காத நிலையில் பள்ளத்துக்குள் கொட்ட முடியாது. வெளியே, ஊர்களும் வயல்களும் இருந்த நிலத்தின்மேல் மலைபோல் குவிக்க வேண்டியிருந்தது. எந்தத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் இதுதான் தொடக்கம்.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்கச் சுமார் 5½ கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் எரிகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு முழுக்க நெய்வேலி மின்சாரமே வருவதாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காக 2 கன மீட்டருக்கும் அதிகமான மண் இடம் மாறியிருக்கிறது. மணல் வியாபாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட் லோடு. மூன்று சுரங்கங்களின் ஆண்டுக் கொள்ளளவை வைத்துப் பெருக்கினால் 15 கோடி கன மீட்டரைத் தாண்டுகிறது. தோண்டிய மண் இறுக்கம் தளர்ந்து உப்பும் என்பதால், குவியும்போது அது இன்னும் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இந்த மண்ணை வெட்டுவது பக்கெட் வீல் எந்திரம். ஒரே சக்கரத்தில் வரிசையாக வாளிகள். பெரிய எந்திரத்தில் ஒரு வாளிக்கு 1,400 லிட்டர் பிடிக்கும். வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, மறுமுனையில் நிற்கும் ஸ்பிரெடருக்குப் போகிறது. ஸ்பிரெடரின் நீண்ட கை மெல்லத் திரும்பித் திரும்பி மண்ணைப் பொழிந்துகொண்டே இருக்கும். அதைச் சற்று நின்று கவனித்தால் மண்மேட்டுப் பொறியியலின் முதல் பாடம் கண்ணெதிரே நடக்கும். களத்தில் நெல்லை அம்பாரம் போடும்போது ஒரு சரிவுக்கு மேல் நெல் நிற்காமல் வழிந்து இறங்குமே, அதேபோல் மண்ணும் தனக்கென்று ஒரு சாய்கோணத்தில் போய் நிற்கும். உலர்ந்த மணலும் உடைகல்லும் 35 டிகிரி அளவில் நிற்கும். கட்டிகள் உருண்டு அடிவாரத்துக்குப் போகும், பொடி மேலேயே தங்கும். எங்கே கல் தங்கியது, எங்கே களி தங்கியது என்பதை வைத்துத்தான் பின்னால் மழைத்தண்ணீர் அந்த மேட்டுக்குள் வழி கண்டுபிடிக்கும்.

நெய்வேலியின் மேல்மண் ஒரே சீரான மண் அல்ல. செம்புறைக்கல், களி, கடலூர் மணற்பாறை என்று அடுக்கடுக்காக வரும். மணற்பாறை எந்திரத்தின் பல்லையே தேய்க்கும் அளவுக்குக் கடினம். களியோ நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டும் ஒரே பெல்ட்டில் கலந்து வந்து விழும்போது, எது அடியில் போக வேண்டும், எது உள்ளே போக வேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிட்டிருக்க வேண்டும். கல்லும் மணலும் அடியில் இருந்தால் தண்ணீர் வடிந்து வெளியேறும். களி அடியில் மாட்டிக்கொண்டால் மேட்டுக்குக் கீழே வழுக்குப் பலகை வைத்தது போலாகிவிடும்.

இதற்கு மேல் நெய்வேலிக்கு இன்னொரு சிக்கல். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. இரவும் பகலும் குழாய்க் கிணறுகளால் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு கிளம்பும். நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்துக்குள் மண்ணைத் திருப்பிக் கொட்டும்போது, அந்தத் தரைதான் புது மேட்டுக்கு அஸ்திவாரம். தேங்கிய சேற்றையும் மிச்சக் களியையும் வழித்துச் சுத்தம் செய்யாமல் அதன்மேல் கொட்டினால், அஸ்திவாரமே போடாமல் மாடி கட்டுவதாகும்.

மண் ஏன் நகர்கிறது

மண்மேட்டை நிறுத்துவது மண் துகள்களுக்கு இடையே இருக்கும் உராய்வும் பிடிப்பும். சாய்ப்பது அதன் சொந்த எடை. நிறுத்தும் விசையைச் சாய்க்கும் விசையால் வகுத்தால் கிடைப்பதைப் பொறியாளர்கள் பாதுகாப்பு எண் என்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் மேடு நகரும். நீண்ட காலம் நிற்க வேண்டிய மேட்டுக்கு 1.5 வரை வைத்துக் கட்டுவது வழக்கம். தண்ணீர் உள்ளே புகுந்தால் இரண்டு பக்கமும் கெடுதல்: மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறி உராய்வு குறைகிறது. கோடையில் 1.3 ஆக நின்ற மேடு ஐப்பசி அடைமழையில் 1-ஐத் தொடுவது இப்படித்தான். பெரும்பாலான சரிவுகளின் காரணத்தைத் தேடினால் தண்ணீர், அடியில் பலவீனமான தரை, அளவுக்கு மீறிய செங்குத்து என்ற மூன்றில் ஒன்றிலோ மூன்றிலுமோ போய் முடியும்.

ஜார்க்கண்டில் கோட்டா மாவட்டத்து ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில், லால்மாட்டியா பகுதியில், 2016 டிசம்பர் 29 இரவு மண்மேடு சரிந்தது. வேலை நடந்துகொண்டிருந்த நேரம். 23 பேர் மாண்டார்கள். எந்திரங்களும் டம்பர் லாரிகளும் மண்ணுக்குள் புதைந்தன. 95 லட்சம் கன மீட்டர் மண் அசைந்ததாகச் சுரங்கத்தை நடத்திய ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் அறிவித்தது. இதுவரை நடக்காத ஒன்று என்றும் சொன்னது. ஆனால் ஒடிசாவின் குல்தா சுரங்கத்தில் 2013 ஆகஸ்டில் மண்மேடு சரிந்து 14 பேர் இறந்திருந்தார்கள். கொட்டிய மண்ணில் நிலக்கரித் துண்டு பொறுக்க வந்த ஏழை ஜனங்கள் அவர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜயந்த் சுரங்கத்தில் 2008-லும் மகாராஷ்டிரத்தின் கவாடியில் 2000-த்திலும் இதே வகைச் சரிவுகள் உயிர் குடித்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் 'இதுவரை நடக்காதது' என்ற சொல்லை நம்மால் ஏற்க முடியவில்லை.

உலகமே இந்தப் பாடத்தைக் கற்ற இடம் வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபான். அங்கே மலைச்சரிவில் நிலக்கரிக் கழிவை ஏழு மேடுகளாகக் குவித்திருந்தார்கள். ஏழாவது மேடு 1958-ல் தொடங்கியது. அது நின்ற இடத்துக்கு அடியில் ஊற்று ஓடியது. அந்த ஊற்று அரசாங்க வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. கழிவு மேடு பள்ளிக்கூடத்துக்கு மேலே நிற்பது ஆபத்து என்று 1963-லேயே உள்ளூர்ப் பொறியாளர் கடிதம் எழுதினார். 1966 அக்டோபர் 21 வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தவர்கள், மேட்டின் உச்சி இரவோடு இரவாகச் சுமார் 3 மீட்டர் உள்வாங்கியிருப்பதைப் பார்த்தார்கள். மலைமேல் தொலைபேசி இல்லாததால் ஆளைக் கீழே அனுப்பித் தகவல் சொன்னார்கள். ஒன்பதேகால் மணி அளவில் மேடு கூழாகிப் பாய்ந்து பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் பொறுப்பைச் சுமத்தியது. சுரங்கத்துக்குள்ளே என்ன நடக்க வேண்டும் என்று எத்தனையோ சட்டம் இருந்த நாட்டில், வெளியே குவிக்கும் மேட்டின் பாதுகாப்புக்கு என்று எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 1969-ல் அதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். மிச்சம் நின்ற மேடுகளை அகற்றும் செலவுக்காக, பிள்ளைகளை இழந்தவர்களுக்காக மக்கள் சேர்த்த நிதியிலிருந்தே அரசு 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தை 1997-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை. மேட்டைக் குவித்தவர் வேறு, அதை அகற்றக் காசு கொடுத்தவர் வேறு என்பது இன்றும் பல ஊர்களின் நிலைமை.

கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லவில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்து 32 பேர் இறந்ததை ஈழத்துச் செய்திகளில் படித்திருப்பீர்கள். குப்பையோ கல்லோ நிலக்கரி மண்ணோ, கணக்குப் பார்க்காமல் குவித்தால் முடிவு ஒன்றுதான்.

முதல் லோடு விழுவதற்கு முன்

நல்ல மண்மேட்டின் முக்கால்வாசி வேலை முதல் லோடு விழும் முன்பே முடிந்துவிட வேண்டும். இடத்தைத் தேர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. ஓடையின் வழியில் கூடாது. ஊற்றுக்கண் மேல் கூடாது. கரிசல் மண்ணோ சதுப்போ இருந்தால் வழித்தெடுத்த பிறகே கொட்ட வேண்டும். தரை பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தத் தரையில் படி வெட்டிக் கரடாக்க வேண்டும். துளை போட்டு மண் எடுத்துப் பரிசோதிக்காமல் கொட்டுவதற்கு அனுமதியே தரக்கூடாது என்பது என் கருத்து.

நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள், 2017, சில எல்லைகளைப் போட்டிருக்கின்றன. மேட்டின் சரிவு அந்த மண்ணின் இயல்பான சாய்கோணத்தை மீறக்கூடாது, எப்படியும் 37.5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் படிப்படியாக வெட்ட வேண்டும், ஒரு படி 30 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தச் சரிவு 1 மீட்டர் உயரத்துக்கு 1½ மீட்டர் அகலம் என்ற அளவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. விளைமண்ணைத் தனியாக எடுத்து வைத்துப் பிறகு மேலே பரப்ப வேண்டும். இவை குறைந்தபட்ச எல்லைகள். 28 டிகிரியில் கணக்கு சரியாக வந்த மேடும் அடியில் களி இருந்தால் நகரும். செடி வளர்ந்து நிலைக்க வேண்டுமானால் சரிவு இன்னும் தணிவாக, 1-க்கு 2½ அல்லது 3 என்று இருப்பது நல்லது.

அடுத்தது தண்ணீர். மேட்டைச் சுற்றிச் சுற்றுக் கால்வாய் வெட்டி வெளித் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். ஒவ்வொரு படியும் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, அங்கே ஓடும் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கட்டிய சரிவுக் கால்வாயில் இறங்க வேண்டும். அடிவாரத்தில் கல்லடுக்குச் சுவர், அதைத் தாண்டி வண்டல் படியக் குட்டை. அந்தக் குட்டையை மழைக்கு முன் தூர் வாரியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அடைபட்டாலும் மற்றவை வீண்.

இதைப் படிக்கும்போது திருமுக்கூடல் பக்கத்து உத்திரமேரூர்க்காரர்களுக்குப் பழகிய ஒன்று தட்டுப்பட வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது 919, 921-ம் ஆண்டுகளின், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கின்றன. மண்ணால் கரை எழுப்பி, உள்பக்கம் கல் பதித்து, கலங்கு விட்டு, கரைமேல் பனை வைத்து, ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துப் பராமரித்த வட்டாரம் இது. மண் எந்தச் சரிவில் நிற்கும், தண்ணீருக்கு எங்கே வழி விட வேண்டும் என்பது இந்த ஊர்களுக்குப் புதிய அறிவு அல்ல. ஏரிக்கரைக்கு வாரியம் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் குவாரி மேட்டுக்கு ஒரு காவல்காரரைக்கூட வைக்காமல் இருப்பதுதான் வேதனை.

கட்டிய பிறகும் மேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது பெரிய சுரங்கங்களில் சரிவுக் கண்காணிப்பு ரேடார் வைக்கிறார்கள். மில்லிமீட்டர் அசைவையும் சொல்லிவிடும். ரேடார் இல்லாத இடத்திலும் கண் இருக்கிறது. மேட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அளவில் ஒரு விரிசல் வளைந்து ஓடினால் அதை மண் போட்டு மூடிவிட்டு லாரி ஓட்டக் கூடாது. இரண்டு பக்கமும் முளை அடித்து, நடுவே கயிறு கட்டி, தினமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் மேடு நகரத் தொடங்கிவிட்டது. அடிவாரத்தில் தரை புடைப்பது, காய்ந்த இடத்தில் திடீரென்று ஈரம் கசிவது, வேலிக் கம்பம் வெளிப்பக்கம் சாய்வது எல்லாம் அதே சேதியைத்தான் சொல்லும். ஆபர்ஃபானில் உச்சி உள்வாங்கியதும் அந்தச் சேதிதான்.

பச்சையாக இருந்தால் போதுமா

சுரங்க நிறுவனங்களின் காலண்டர்களில் மரம் நிறைந்த மண்மேடுகளின் படம் வரும். நெய்வேலியிலும் முதல் சுரங்கத்தில் நிரப்பிய நிலத்தில் தோப்பு வைத்திருக்கிறார்கள், படகு விடும் ஏரியும் பூங்காவும் இருக்கின்றன, பறவைகள் வருகின்றன, நெல்லும் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெல்ட்டில் வந்து விழும் மண் 50 மீட்டர், 100 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. அதில் தழைச்சத்து கிடையாது, மக்கு கிடையாது, மண்புழு கிடையாது. தொழு உரமும் பசுந்தாளும் நுண்ணுயிர் உரமும் ஆண்டாண்டாகப் போட்டு அதில் பயிர் எடுப்பது பெரிய வேலை. செய்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் மேட்டை நிறுத்தாது. மரத்தின் வேர் பிடித்து வைப்பது மேலே ஒன்றிரண்டு மீட்டர் மண்ணை. மழை அரிப்பைத் தடுக்க அது போதும். மேடு சரியும்போது பிளக்கும் தளம் பத்து, இருபது, முப்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே சரிவும் வடிகாலும்தான் காப்பாற்ற வேண்டும். சரிவைத் தணிக்காமல் மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால், விழும்போது மரத்தோடு விழும்.

நடும் வரிசையும் முக்கியம். முதலில் புல்லும் கொடியும் பயறு வகைச் செடியும், வெட்டிவேர், ஸ்டைலோ போன்றவை. அவை மண்ணைப் பிடித்து, தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகு புங்கன், வேம்பு, முந்திரி. வேகமாக வளர்கிறது என்பதற்காகத் தைல மரத்தையும் கத்திக் கருவேலையும் மட்டும் நட்டுக் கணக்குக் காட்டினால் காடு ஆகாது. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்ப்பதைச் சுரங்க அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாடும் ஆடும் காட்டு விலங்கும் மேயும் நிலமாக அது திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. மரத்தைவிடப் புல்லைக் கேட்ட தீர்ப்பு என்பதாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு.

விளைமண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்தில் இருக்கும் அந்த மண்ணில்தான் விதையும் பூஞ்சையும் நுண்ணுயிரும் வாழ்கின்றன. அதை மற்ற மண்ணோடு கலந்து கொட்டினால் திரும்பக் கிடைக்காது. தனியாக எடுத்தாலும் உயரமாகக் குவித்துப் பல ஆண்டு வைத்தால் உள்ளே காற்றில்லாமல் செத்துவிடும். தாழ்வாகப் பரப்பி, மேலே பயறு விதைத்து, கூடிய சீக்கிரம் பயன்படுத்திவிட வேண்டும். திருமுக்கூடல் பக்கத்தில் பாறைக்கு மேலே விளைமண் இருப்பதே கொஞ்சம். அதையும் சவுட்டோடு சேர்த்து லோடு ஏற்றிவிட்டால், பள்ளத்தை மூட நினைக்கிற நாளில் மேலே பரப்ப ஒரு கூடைகூட மிஞ்சாது.

மேட்டின் உருவத்தைப் பற்றியும் உலகம் புதிதாக யோசிக்கிறது. படிக்கட்டு போல் நேர்கோட்டில் வெட்டிய மேட்டில் மழைத்தண்ணீர் தானே வழி தேடி ஓடை அரித்துவிடும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லா பிளாட்டா நிலக்கரிச் சுரங்கத்தில், நிக்கோலஸ் புகோஷ் உருவாக்கிய முறைப்படி, கொட்டிய மண்ணையே இயற்கைக் குன்றின் வடிவத்தில் வளைத்து, சிறு ஓடைகளையும் முன்கூட்டி வரைந்து அமைத்தார்கள். மேலே செங்குத்து, கீழே தணிவு, நடுவே வளைந்து இறங்கும் ஓடை. பக்கத்து மலை எப்படி இருக்கிறதோ அப்படி. இதைக் கற்க வெளிநாடு போகத் தேவையில்லை, பழையசீவரம் மலையின் அடிவாரத்தை ஒரு நல்ல மழைக்குப் பிறகு சுற்றி வந்தாலே இந்த வடிவம் புரியும்.

நெய்வேலியின் பாராட்டுக்குப் பக்கத்திலேயே அதன் கணக்கையும் வைக்க வேண்டும். சுரங்கம் முன்னேற முன்னேறத் தண்ணீரை வெளியேற்றும் வழியும் நகர வேண்டும். 2023 ஜூலையில் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக வளையமாதேவியில் கதிர் விடும் நிலையிலிருந்த நெற்பயிரின்மேல் எந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். நின்ற பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். மண்மேட்டின் வடிகாலும் சுரங்கத்தின் கால்வாயும் வரைபடத்தில் நீலக் கோடுகள். நிலத்தில் அவை யாரோ ஒருவருடைய வயலின் வழியாகப் போகின்றன. இரண்டு மாதம் பொறுத்து அறுவடைக்குப் பிறகு வெட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை நியாயமான பதில் தெரியவில்லை.

மூடுவதற்குப் பணம்

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009 முதல் மூடுதல் திட்டம் கட்டாயம். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று தொடங்கி, 2020-ல் 9 லட்சம் என்று உயர்த்தினார்கள். அந்தப் பணம் ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போடப்பட்டு, வேலை செய்து காட்டினால்தான் நிறுவனத்துக்குத் திரும்பும். தொகை போதுமா என்பது வேறு விவாதம். சம்பாதிக்கும்போதே மூடுவதற்கும் எடுத்து வை என்ற கொள்கை சரியானது.

கல்குவாரிகளுக்கும் விதிகள் உண்டு. 1961-ம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகளின்படி படி வெட்டித்தான் தோண்ட வேண்டும். 2012-ல் தீபக் குமார் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். குத்தகை எடுக்கும்போது கொடுக்கும் சுரங்கத் திட்டத்தில் கழிவை எங்கே கொட்டுவது என்று ஒரு பக்கம் இருக்கும். பஞ்சாயத்துத் தலைவர்களும் ஊர் மக்களும் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். சின்ன குத்தகை, சில ஆண்டு, பிறகு வேறு பெயரில் வேறு குத்தகை என்று ஓடும் தொழிலில், மேடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அதற்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

கழிவைக் குறைப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி. நாக்பூர் பக்கம் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் தன் மேல்மண்ணிலிருந்து மணலைப் பிரித்து ஏழைகள் வீட்டுத் திட்டத்துக்குக் கொடுக்கத் தொடங்கியது. நெய்வேலியிலும் மேல்மண்ணைக் கழுவி மணல் எடுக்கிறார்கள். பாலாற்று மணலை அள்ளி முடித்து, அந்தப் பசிக்கு மலையை உடைத்து எம்-சாண்ட் ஆக்கும் இந்த வட்டாரத்துக்கு இது காதில் விழ வேண்டிய செய்தி. கடலூரில் கழிவாகக் குவியும் மண்ணில் மணல் இருக்கும்போது, காஞ்சிபுரத்தில் இன்னொரு மலையைத் திறக்க அவசரம் என்ன? இங்கே குவிந்திருக்கும் உடைகல்லும் தூளும் சாலை நிரவலுக்கும் பள்ளத்தை நிரப்பவும் போகலாம். எம்-சாண்ட் கழுவிய சேற்றை மட்டும் மேட்டில் கொட்டவே கூடாது. மேட்டுக்குள் மிக வழுக்கலான அடுக்கு அதுதான்.

2020 பிப்ரவரியில் பெருமழையில் வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய கழிவுமேடு சரிந்தது. யாரும் சாகவில்லை. ஆனாலும் அந்த அரசு நாடு முழுக்கக் கைவிடப்பட்ட மேடுகளை எண்ணியது. 2,500-க்கும் மேல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் அளவை வைத்துத் தரம் போட்டார்கள். 2025-ல் அவற்றைக் கண்காணிக்கத் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். ஆபர்ஃபானுக்கு அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்த வேலை முடியவில்லை. விடவும் இல்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இப்படி ஒரு கணக்கெடுப்பைக் கனிமவளத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து செய்ய முடியும். ஒவ்வொரு குவாரி மேட்டுக்கும் சர்வே எண், உயரம், சரிவு, அடியில் இருக்கும் மண், அருகிலுள்ள வீடும் பள்ளியும் எத்தனை மீட்டர், தண்ணீர் எந்த ஏரிக்கு இறங்குகிறது, குத்தகைதாரர் யார், கடைசியாகப் பார்வையிட்ட தேதி என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் திருமுக்கூடலும் மதூரும் பழவேரியும் தீர்மானம் போட்டால், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் சுற்றுக் கால்வாய்களைத் தூர் வாரவும் விரிசல்களை அளக்கவும் இரண்டு மாதம் கையில் இருக்கும்.